கரைந்து எலும்பாகும் கல்

உடைந்த எலும்பு கூடும் என்பதை நம் முன்னோர் நன்கறிவர். அசையாமல் கட்டிவைத்தால் சில வாரங்களிலோ, பெரிய எலும்பானால் சில மாதங்களிலோ, பிரிந்த முனைகள் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. தோலில் பட்ட காயம் ஆறினால் தழும்பு நிற்கும். எலும்பில் பட்ட காயமோ தழும்பாக ஆறுவதில்லை. எலும்பு மீண்டும் எலும்பாகவே ஆகிறது. படைத்தவரின் கைவண்ணத்துக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ!

ஆனால் உடைந்த எலும்பு வேறு; இல்லாமற்போன எலும்பு வேறு. விபத்தில் நொறுங்கித் துண்டுகள் சாலையிலேயே சிதறிவிட்ட கால், சீழ் பிடித்தமையால் மருத்துவர் வெட்டியகற்றிய பகுதி, கட்டியைச் சுரண்டியெடுத்தபின் எஞ்சிய குழி ஆகிய இடங்களில் இடைவெளி பெரிதாக இருப்பின் உடல் தானாக அதனை நிரப்ப இயலாது. அங்கே எதையேனும் இட்டு நிரப்பியாக வேண்டும். இட்டதை உடலும் ஏற்றாக வேண்டும்.

சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கும் இராசபாளையத்துக்கும் செல்லும் சாலைகளில் இருசக்கர வண்டிகள் பெருகியதிலிருந்து, கட்டிலில் கால்நீட்டிக் கிடக்கும் இளைஞர்களை நோயாளர் சந்திப்பின்போது அடிக்கடி காண்கிறோம். அவ்வீடுகளில் பங்குக் குருவிடம் கேட்கப்படும் கேள்விகள் மூன்று. "சாமி, செயற்கை எலும்பு வச்சிருக்காங்களே, அது உடம்போட ஒட்டுமா?" என்பது முதற்கேள்வி. "எந்த மனுசனோட எலும்போ, எந்த மாட்டோட எலும்போ, நாம அதை வச்சுக்கிடலாமா?" என்பது இரண்டாவது. "இத்தனை மாசம் ஆச்சு, ஒட்டுறதுக்கு நாங்க என்ன செய்யணும்?" என்பது மூன்றாவது. மூன்றும் நியாயமான கேள்விகளே. அவற்றுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எலும்பு ஒரு கல்லன்று

எலும்பைக் கல்லைப் போன்ற பொருளென்று பலர் எண்ணுகின்றனர். அஃது உயிருள்ள உறுப்பு. அதனுள் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. பழைய எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் ஒருபுறமும், புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்கள் மறுபுறமும் இரவு பகலாக உழைக்கின்றன. வளர்ந்த மனிதனின் எலும்புக்கூட்டில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் இவ்வாறு புதுப்பிக்கப்படுகிறது. குடியிருந்துகொண்டே ஒவ்வொரு செங்கல்லாக மாற்றிக் கட்டப்படும் வீடு என்று இதனைச் சொல்லலாம்.

எலும்பின் எடையில் பெரும்பகுதி கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப்பொருள். மற்றது பெரும்பாலும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம். வீடு கட்டுவோர் மொழியில் சொன்னால், நார்ப்புரதம் கம்பி. தாதுப்பொருள் சிமெண்டுக் கலவை. இவ்விரண்டையும் அறிந்துகொண்ட பின்னரே, இழந்த எலும்புக்கு ஈடாக எதை வைக்கலாம் என்று அறிஞர்களால் முறையாகச் சிந்திக்க முடிந்தது.

நான்கு நூற்றாண்டுத் தேடல்

1521-ஆம் ஆண்டு மே மாதம் பம்ப்லோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்தவர் புனித இஞ்ஞாசியார். எலும்பு சரியாகச் சேராததால் அதனை மீண்டும் முறித்துக் கட்டினர். பின்னர் முழங்காலுக்குக் கீழே துருத்திநின்ற எலும்பை, மயக்க மருந்து இல்லாத அக்காலத்தில், அறுத்தெடுத்தனர். கால் குட்டையாகிவிட்டது, அவர் வாழ்நாள் முழுதும் நொண்டியே நடந்தார். எலும்பை அறுக்க அக்கால மருத்துவர்க்குத் தெரியும். குறைந்த எலும்பை நிரப்பத் தெரியாது.

1668-இல் வெளிவந்த ஒரு நூலில் வான் மீக்கரன் என்னும் டச்சு அறுவை மருத்துவர் வியப்பான செய்தியொன்றைக் குறித்துள்ளார். உருசிய நாட்டில் வாள்வெட்டால் மண்டையோட்டில் ஓட்டை விழுந்த வீரர் ஒருவருக்கு நாயின் மண்டையெலும்புத் துண்டை வைத்துக் குணமாக்கினராம். விலங்கின் எலும்பு உடலில் இருப்பதால் அவர் அந்நாட்டுத் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார் என்றும், அதனை எடுத்துவிடுமாறு மருத்துவரை வேண்டினார் என்றும் அந்நூல் கூறுகிறது. நம் வீடுகளில் கேட்கப்படும் இரண்டாம் கேள்வி எவ்வளவு பழையது என்பதை இதனால் அறியலாம்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் மாக்கூன் என்னும் மருத்துவர், சீழ் நோயால் மேற்கையெலும்பை இழந்த சிறுவனுக்கு, வேறு நோயாளிகளின் காலெலும்பிலிருந்து எடுத்த துண்டுகளை வைத்து எலும்பை உருவாக்கினார். 1879-இல் தொடங்கிய இச்சிகிச்சை 1881-இல் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. மனிதன் மனிதனுக்கு எலும்பு ஈவது அறிவியல் முறைப்படி அன்றே தொடங்கிவிட்டது.

நோயாளியின் சொந்த இடுப்பெலும்பிலிருந்து சிறிது எடுத்து அடிபட்ட இடத்தில் வைப்பதே இன்றும் மருத்துவர்கள் உரைகல்லாகக் கொள்ளும் முறை. அதில் உயிரணுக்களும் உண்டு. வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களும் உண்டு. ஆயினும் இடுப்பில் இன்னொரு காயம் உண்டாகிறது. வலி நீடிப்பதும் உண்டு. எடுக்கக்கூடிய அளவும் குறைவு. எனவேதான் மாற்றுப்பொருளைத் தேட வேண்டியதாயிற்று.

விரைந்தால் குழி, தாமதித்தால் கல்

1892-இல் செருமனியைச் சார்ந்த டிரீஸ்மன் என்பார், எலும்பில் ஏற்பட்ட குழிகளைப் பாரிஸ் சாந்தினால் நிரப்பிப் பார்த்தார். மாவுக்கட்டுப் போடப் பயன்படும் அதே சாந்துதான். உடல் அதனைப் பகையாகக் கருதவில்லை. ஆனால் அது சில வாரங்களிலேயே கரைந்துவிடும் இயல்புடையது. எலும்பு வளர்வதற்குள் சாந்து கரைந்துவிட்டால் குழி பழையபடி குழியாகவே நிற்கும்.

பின்னர் எலும்பிலுள்ள தாதுப்பொருளையே ஆய்வுக்கூடத்தில் செய்யக் கற்றனர். ஹைடிராக்சி அபடைட் என்பது அதன் பெயர். எலும்பு இதனோடு நெருங்கிப் பிணைகிறது. உடல் இதனை வெறுப்பதில்லை. ஆனால் சூளையில் சுட்டு இறுக்கிய இப்பொருள் மிக மெதுவாகவே கரையும். ஆண்டுகள் பல கடந்தும் எலும்பினுள் கல்லாகவே தங்கியிருப்பதுண்டு. டிரைகால்சியம் பாஸ்பேட் என்னும் மற்றொரு பொருள் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது, மாதக்கணக்கில் கரைவது.

இங்கேதான் இத்துறையின் மையக் கருத்து இருக்கிறது. எலும்புக்கு ஈடாக வைக்கும் பொருள் என்றென்றைக்கும் தங்குவதற்காக வைக்கப்படுவதன்று. வீடு கட்டும்போது சாரம் கட்டுகிறோம். சுவர் எழும்ப எழும்பச் சாரத்தைப் பிரிக்க வேண்டும். முன்னதாகப் பிரித்தால் சுவர் சரியும். பிரிக்காமலே விட்டால் வீடு முழுமை பெறாது. புதிய எலும்பு வளரும் வேகத்துக்கு ஏற்ப ஈட்டுப்பொருள் கரைய வேண்டும். உடல் அதனை மேலும் நன்றாக உட்கொள்ளச் செய்ய அறிஞர்கள் எடுக்கும் முயற்சியெல்லாம் இந்த வேகப் பொருத்தத்தை நோக்கியதே.

அதற்குரிய வழிகளுள் முதலாவது கலப்பு. மெதுவாகக் கரையும் ஹைடிராக்சி அபடைட்டையும் விரைந்து கரையும் டிரைகால்சியம் பாஸ்பேட்டையும் சேர்த்துச் சுடுகின்றனர். ஒன்று வழிவிட, மற்றொன்று தாங்கி நிற்கிறது. விகிதத்தை மாற்றினால் கரையும் காலமும் மாறுகிறது.

இரண்டாவது நுண்துளை. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு மைக்ரான் எனப்படும். நூறு மைக்ரானுக்கு மேற்பட்ட துளைகள் இருந்தால்தான் உயிரணுக்கள் எளிதில் நுழைந்து எலும்பு கட்டும். முந்நூறு மைக்ரான் அளவிருந்தால் இரத்தக் குழாய்கள் நன்கு வளரும். துளைகள் இருந்தால் மட்டும் போதாது. ஒன்றோடொன்று வாய்க்கால்போல் இணைந்திருக்கவும் வேண்டும். தண்ணீர் பாயாத வயலில் நாற்று வேரூன்றுமோ? இரத்தம் பாயாத கல்லில் எலும்பும் வேரூன்றாது.

இத்தகைய துளைகளை இறைவன் கடலடியில் முன்பே அமைத்திருக்கிறார். சில பவளக்கற்களின் துளையமைப்பு மனித எலும்பின் அமைப்பை ஒத்திருப்பதைக் கண்ட அமெரிக்க அறிஞர்கள், அவற்றின் சுண்ணாம்பை ஹைடிராக்சி அபடைட்டாக மாற்றும் முறையை 1974-இல் வெளியிட்டனர். தூத்துக்குடிக் கடலில் ஒருகாலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டியெடுக்கப்பட்ட பவளப்பாறை இத்தகைய அருமை உடையதென்று அன்று யார் அறிந்தார்? 2001 முதல் பவளங்களை எடுப்பது நம் நாட்டுச் சட்டப்படி குற்றம்.

மூன்றாவது வழி, வைக்கும் பொருளையே உயிரணுக்களோடு உரையாடச் செய்வது. 1967-இல் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படை அதிகாரி ஒருவர், பேருந்துப் பயணத்தின்போது லாரி ஹெஞ்ச் என்னும் அமெரிக்கப் பேராசிரியரிடம், உடல் வெறுக்காத பொருளொன்றைச் செய்ய முடியாதா என்று கேட்டாராம். ஹெஞ்ச் 1969-இல் மணற்சத்தான சிலிகாவோடு சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் ஆகியவை கலந்த ஒருவகைக் கண்ணாடியை உருவாக்கினார். எலும்போடு அது பிடுங்க முடியாதபடி பிணைந்துகொண்டது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், 1965-இல், மார்ஷல் யூரிஸ்ட் என்பவர் தாதுப்பொருள் நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தபோது, எலும்பே இல்லாத அவ்விடத்தில் புதிய எலும்பு தோன்றியதைக் கண்டார். எலும்பினுள் எலும்பை அழைக்கும் புரதம் உண்டென்பது அதனால் தெரியவந்தது.

நம் அண்டையில் நடப்பது

இவையெல்லாம் வெளிநாட்டுச் செய்திகள் என்று எண்ண வேண்டாம். செங்கோட்டை வழியே மலையைக் கடந்தால் எட்டக்கூடிய திருவனந்தபுரத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நாட்டின் முதன்மை நிறுவனங்களுள் ஒன்றாக்கப்பட்ட இக்கழகத்தின் ஆய்வுப் பிரிவு, பூஜப்புரையில் அரச குடும்பம் அளித்த அரண்மனையில் இயங்குகிறது. செயற்கை இதய வால்வை உருவாக்கி 1990-இல் நோயாளிக்குப் பொருத்திய அதே நிறுவனம், எலும்புக்கு ஈடான பீங்கான் பொருள்களையும் உருவாக்கியிருக்கிறது. ஹைடிராக்சி அபடைட்டின்மீது சிலிகா கலந்த பூச்சைக் கொடுத்து, அதில் ஆட்டின் சொந்த எலும்பு மஜ்ஜை உயிரணுக்களை ஏற்றி, அந்த ஆட்டின் தொடையெலும்பு இடைவெளியில் வைத்து அவ்வறிஞர்கள் சோதித்தனர். துளை, கலப்பு, சிலிகா, உயிரணு என்று மேலே சொன்னவை யாவும் அங்கே ஒருங்கே கூடின.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர் குப்பையில் எறியும் முட்டை ஓட்டிலிருந்து ஹைடிராக்சி அபடைட்டைச் செய்து காட்டியுள்ளனர். முட்டை ஓடு பெரும்பாலும் சுண்ணாம்பே அல்லவா? 1948-இல் தொடங்கப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம், விலங்குகளின் கழிவுப் பகுதியிலிருந்து கொலாஜனைப் பிரித்து மருத்துவத்துக்கு உதவும் பொருளாக்குவதில் நெடுங்காலமாக ஈடுபட்டிருக்கிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1988 முதல் திசு வங்கி இயங்குகிறது. கொடையாகப் பெற்ற எலும்பு முதலிய திசுக்களைத் தூய்மை செய்து, காமாக் கதிரால் கிருமி நீக்கி அங்கே வழங்குகின்றனர்.

நோயாளியின் பங்கு

மருத்துவர் வைத்தது நல்ல பொருளாக இருந்தும் எலும்பு கூடாமற்போவது ஏன்? கல்லைக் கரைப்பதும் எலும்பைக் கட்டுவதும் நோயாளியின் உடலே. ஆகவே உடல் உழைக்கும் நிலையில் இருக்க வேண்டும்.

நம் ஊரில் விசைத்தறி ஓட்டும் இளைஞர் ஒருவருக்குக் கீழ்க்காலில் மூன்று விரற்கடை எலும்பு இல்லாமற்போயிற்று. முதலில் சீழை அகற்றி, எலும்பின் இடத்தில் மருந்து கலந்த சிமெண்டுக் கட்டியை வைத்தனர். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் கழித்து அதை எடுத்துவிட்டு, சொந்த இடுப்பெலும்பையும் ஈட்டுப்பொருளின் குருணைகளையும் கலந்து நிரப்பினர். ஐந்தாம் மாதம் எடுத்த எக்ஸ்ரே படத்தில் குருணைகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. "போட்டது போட்டபடியே கிடக்கு சாமி, காசும் போச்சு, காலும் போச்சு" என்று தாயார் அழுதார். எண்ணெய் தேய்த்து உருவிக் கட்டும் ஓரிடத்துக்கு அழைத்துச் செல்ல வண்டியும் பேசியாயிற்று. அதற்கு முன் மருத்துவரை மீண்டும் ஒருமுறை கேட்கும்படி அவர்களை வற்புறுத்த வேண்டியதாயிற்று.

மருத்துவர் தந்த விளக்கம் எல்லாருக்கும் பயன்படும். இரண்டு அறுவை செய்தது தவறு நேர்ந்ததால் அன்று. சிமெண்டுக் கட்டியைச் சுற்றி உடல் இரத்தக் குழாய் நிறைந்த மெல்லிய உறையொன்றை உண்டாக்குகிறது. அந்த உறைக்குள் வைக்கும் ஒட்டு நன்றாகப் பிழைக்கிறது. மஸ்கலே என்னும் பிரெஞ்சு மருத்துவர் 1986-இல் தொடங்கிய முறை இது. குருணை வெள்ளையாகத் தெரிவதும் தோல்வியின் அடையாளமன்று. மெதுவாகக் கரையும் பொருள் அப்படித்தான் தெரியும். குருணையின் ஓரங்கள் மங்கி, எலும்போடு பாலம்போல் இணைகின்றனவா என்பதையே பார்க்க வேண்டும். அந்த இளைஞருக்குப் பாலம் ஒருபுறம் தோன்றியிருந்தது, மறுபுறம் தாமதித்தது. காரணம் ஆராய்ந்தபோது, இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருந்ததும், கட்டிலில் கிடந்தபடி நாளொன்றுக்கு ஒரு கட்டுப் பீடி குடித்ததும் வெளிவந்தன. அவர் பீடியை விட்டார், மருந்துண்டார். பதினான்காம் மாதம் கோலின்றிக் கோயிலுக்கு நடந்து வந்தார். உருவிக் கட்டியிருந்தால் உள்ளே தோன்றிய அந்த இளம் பாலம் என்னவாகியிருக்கும்!

ஆதலால் இத்தகைய இல்லத்தார் மனத்திற்கொள்ள வேண்டியவை சில:

பீடி, சிகரெட், புகையிலை எதுவும் ஆகாது. அவற்றின் நஞ்சு சிறிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது; ஒட்டுக்குச் செல்லும் வாய்க்காலை அடைப்பதற்கு அஃது ஒப்பாகும்.

சர்க்கரை நோயைக் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும். தனக்குச் சர்க்கரை இருப்பதை அறியாமலே இருப்பவர் பலர்.

உணவில் புரதம் வேண்டும். முட்டை, பருப்பு, பயறு, பால், மீன் எது இயலுமோ அது. கேழ்வரகும் முருங்கைக்கீரையும் நெத்திலிக் கருவாடும் கால்சியம் தருபவை. சிறுநீரகக் கோளாறு உடையவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு உண்க.

வெயில் வேண்டும். கால்சியத்தைக் குடல் ஏற்க வைட்டமின் டி தேவை. அது வெயில் பட்ட தோலில் உண்டாகிறது. விடியுமுன் தறிக்கூடத்தில் நுழைந்து அந்தியில் வெளிவரும் நம் மக்களுக்கு வெயில் கொளுத்தும் ஊரிலும் இச்சத்துக் குறைவதுண்டு.

காலை எப்போது ஊன்றுவது என்பதை மருத்துவர் கூற வேண்டும். சுமைக்கு ஏற்ப எலும்பு தன்னை அமைத்துக்கொள்ளும் என்று ஜூலியஸ் வுல்ஃப் என்னும் செருமானியர் 1892-இலேயே எழுதினார். காலத்துக்கு முன் ஊன்றினால் ஒட்டு நொறுங்கும்; ஊன்றச் சொன்ன பின்னும் அஞ்சிக் கிடந்தால் எலும்பு மெலியும்.

இவற்றோடு பங்குக் குரு என்ற முறையில் இரண்டு சொற்கள். தவக்காலத்தில் ஒருசந்தி இருப்பதும் சுத்தபோசனம் காப்பதும் நற்செயல்களே. ஆயினும் நோயுற்றோரை அவற்றால் திருச்சபை நெருக்குவதில்லை. எலும்பு கூடவேண்டிய காலத்தில் பட்டினி கிடப்பதை எந்தக் குருவும் உங்களிடம் கேட்கமாட்டார். அவ்வாறே கால் குணமாக வேண்டி வேளாங்கண்ணிக்கோ உவரிக்கோ நடந்து வருவதாக நேர்ந்துகொண்டவர்கள், எலும்பு உறுதிப்படுமுன் நாள் நெருங்கிவிட்டதே என்று கலங்க வேண்டாம். இத்தகைய தனி நேர்ச்சையிலிருந்து தக்க காரணத்தோடு விலக்களிக்கவும், அதனை வேறு நற்செயலாக மாற்றிக் கொடுக்கவும் திருச்சபைச் சட்டத்தின் 1196, 1197-ஆம் இலக்கங்கள் பங்குக் குருவுக்கு அதிகாரம் தருகின்றன. கோயில் அலுவலகத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

மனச்சான்றின் கேள்வி

பிறர் எலும்பையோ விலங்கின் எலும்பையோ உடலில் ஏற்கலாமா? ஏற்கலாம். 1956 மே 14 அன்று, கருவிழிப்படலக் கொடையாளர் சங்கத்தாரிடம் உரையாற்றிய திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர், இறந்தவரின் உடலிலிருந்து நோயுற்றோருக்காகத் திசுவை எடுப்பது இறந்தோரை அவமதிப்பதாகாது என்று விளக்கினார். விலங்கின் கருவிழிப்படலத்தை மனிதனுக்கு வைக்க இயலுமானால், அதில் ஒழுக்கவியல் தடையில்லை என்றும் கூறினார். 2000 ஆகஸ்டு 29 அன்று உரோமையில் கூடிய உறுப்பு மாற்று மருத்துவர் பேரவையில், திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் உறுப்புக் கொடையை உண்மையான அன்புச் செயலாகப் போற்றினார். அதே வேளையில், மனிதனின் தனித்தன்மை சிதையலாகாது, ஆபத்து அளவுமீறலாகாது, உடலை விலைப்பொருளாக்கலாகாது என்பவற்றையும் வலியுறுத்தினார். எலும்புத் துண்டொன்று வைப்பதால் ஒருவரது தனித்தன்மை சிதைவதில்லை. சுட்டுத் தூய்மை செய்த மாட்டெலும்பு மனிதனை மாடாக்குவதுமில்லை. உருசிய வீரருக்கு நேர்ந்ததாகச் சொல்லப்படும் துன்பம் நம்மவர் எவருக்கும் நேரலாகாது.

கொடை பெறலாம் என்றால் கொடுக்கவும் வேண்டுமன்றோ? உறுப்பு மாற்றுச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு, 2011-இல் திசுக்களுக்கும் விரிவாக்கப்பட்டது. இறந்தபின் எலும்பையும் தோலையும் கண்ணையும் ஈயலாம். இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் அகற்றப்படும் எலும்புத் தலையை உயிரோடிருப்பவரே ஈயலாம். பலர் வீட்டில் இதனைப் பேசத் தயங்குகிறோம். சாவுக்குப்பின் உயிர்த்தெழுதலை விசுவசிக்கும் நாம், ஒரு துண்டு எலும்பு குறைந்தால் ஆண்டவர் நம்மை எழுப்ப மாட்டார் என்று அஞ்சலாமா? எசேக்கியேல் கண்ட பள்ளத்தாக்கில் உலர்ந்து கிடந்த எலும்புகளையே எலும்போடு எலும்பாகச் சேர்த்தவர் அவர்.

தான் நிலைத்திருக்க விரும்பும் ஈட்டுப்பொருள் உடலில் அயல்கல்லாகவே கிடக்கிறது. தன்னைச் சிறிது சிறிதாக இழக்கும் பொருளோ எலும்பாகவே மாறிவிடுகிறது. நிலத்தில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றி நம் ஆண்டவர் சொன்னதை அறிந்த நமக்கு இது புதிய பாடமன்று. உங்கள் இல்லத்தில் ஒருவர் இவ்வாறு கட்டிலில் கிடந்தால், மாதங்கள் செல்கின்றனவே என்று சோராதீர்கள். பீடியை எடுத்து வெளியே எறியுங்கள். தட்டில் ஒரு முட்டையை வையுங்கள். வாசல் வெயிலுக்கு நாற்காலியை நகர்த்துங்கள். மருத்துவர் குறித்த நாளைத் தவறவிடாதீர்கள். மற்றதை அவருடைய உடலுள் இறைவன் வைத்த வேலையாட்கள் பார்த்துக்கொள்வார்கள்.